கூட்டினால் சுழியம் வந்துவிட்டால் இனங்கள் சமமாகிவிடுமா?

கடாரத்துக் கடற்கரையைக் களமாக்கி, பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) ஐந்தாம் பதிப்பின் 2014ஆம் ஆண்டு விதிகளின் மேல் நீங்கள் எழுப்பியிருக்கும் விளையாட்டைப் பற்றிய கேள்வியை நிதானமாகப் படித்தேன். அரக்கருக்கு வலிமை +2, அறிவு −2, நாகருக்கு அறிவு +2, வலிமை −2, வானரருக்கு லாவகம் +2, வசீகரம் −2, மனிதருக்கு எதுவுமில்லை. எந்த இனத்தைக் கூட்டிப் பார்த்தாலும் சுழியம்தான் வருகிறது. இருந்தும் பட்டர்வொர்த்தில் உங்கள் மேசையில் வாளெடுப்பவர் அனைவரும் அரக்கராகவும், மந்திரம் கற்பவர் அனைவரும் நாகராகவும், மற்றவர் அனைவரும் வானரராகவும் வந்து அமர்கிறார்கள். நாகப் போர்வீரனாக ஆட ஆசைப்பட்ட ஒருவர் சில வாரங்களிலேயே சலித்துப்போனார். மனிதரை ஒருவரும் தேர்ந்தெடுப்பதில்லை. எந்த எண்ணைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எண்களின் அளவைவிட, அவை எந்தத் திறனில் போய் விழுகின்றன என்பதில்தான் உங்கள் சிக்கலின் வேர் இருக்கிறது. இந்த விளையாட்டில் பெரும்பாலான வகுப்புகள், அதாவது பாத்திரத்தின் தொழில்கள், தம் வேலையைச் செய்வதற்கு ஒரே ஒரு திறனையே பெரிதும் நம்பியிருக்கின்றன. போர்வீரனுக்கு வலிமை அல்லது லாவகம், மந்திரம் கற்ற விசார்டுக்கு அறிவு, பூசாரியான கிளெரிக்குக்கு விவேகம். இனத்தின் கூட்டல் கழித்தல் அந்த முதன்மைத் திறனைத் தொடாத வரையில் அது பாத்திரத்துக்கு நிறம் சேர்க்கும். தொட்ட மறுகணம், இன்ன இனத்தான் இன்ன தொழிலைத்தான் செய்யலாம் என்று விதி சொல்லாமலே ஒரு விதி உருவாகிவிடும்.

உங்கள் நாகப் போர்வீரனையே எடுத்துக்கொள்வோம். ஆறு திறன்களுக்கும் பகிர்ந்து வைக்க விதி தரும் 15, 14, 13, 12, 10, 8 என்ற நிலையான வரிசையிலிருந்து அரக்கனும் நாகனும் 15ஐ வலிமைக்கு வைக்கிறார்கள். அரக்கனுக்கு அது 17 ஆகிறது, மாடிஃபையர் (பகடையோடு கூட்டும் எண்) +3. நாகனுக்கு 13 ஆகிறது, மாடிஃபையர் +1. முதல் நிலையில் இருவருக்கும் பயிற்சிப் போனஸ் +2 என்பதால், அரக்கன் 20 முகப் பகடையோடு 5ஐக் கூட்டுகிறான், நாகன் 3ஐக் கூட்டுகிறான். எதிரே நிற்பது ஆர்மர் கிளாஸ் (அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண்) 15, உயிர்ப்புள்ளி 7 கொண்ட சாதாரண காப்ளின் என்ற சிறு எதிரி. அரக்கனுக்கு 10 விழுந்தால் போதும், அதாவது 55 விழுக்காடு. நாகனுக்கு 12 விழ வேண்டும், அதாவது 45 விழுக்காடு. பத்து விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் அதே வலிமை சேதத்திலும் சேர்கிறது. நீள்வாள் 8 முகப் பகடையை உருட்டுவதால் அரக்கனின் அடி சராசரியாக 7.5, நாகனின் அடி 5.5. அடிபடும் வாய்ப்பையும் சேதத்தையும் பெருக்கிப் பார்த்தால், ஒரு வீச்சுக்கு அரக்கன் ஏறக்குறைய 4.1 புள்ளியும் நாகன் 2.5 புள்ளியும் எடுக்கிறார்கள். ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. மேசையில் இருப்பவரின் கண்ணுக்கு இது இன்னும் கொடுமையாகத் தெரியும். ஒரே வீச்சில் அந்தக் காப்ளினைச் சாய்க்க அரக்கனின் சேதப் பகடையில் 4 விழுந்தால் போதும், நாகனுக்கு 6 விழ வேண்டும். குறி தவறாமல் பட்டு, அத்தோடு காப்ளினும் சாயும் வாய்ப்பு அரக்கனுக்கு 34 விழுக்காடு, நாகனுக்கு 17 விழுக்காடு. இயற்கையாக 20 விழும்போது கிடைக்கும் கூடுதல் சேதப் பகடையை இந்தக் கணக்கில் விட்டிருக்கிறேன். அதைச் சேர்த்தாலும் படம் மாறாது. தன் முறை வரும்வரை பொறுமையாகக் காத்திருந்து, பக்கத்திலிருப்பவர் செய்வதில் பாதியை மட்டுமே செய்ய முடிகிற ஒருவர் சலித்துப்போனதில் வியப்பே இல்லை. அறிவில் அவருக்குக் கிடைத்த +2 அந்தச் சண்டை முழுவதிலும் ஒருமுறைகூட எட்டிப் பார்த்திருக்காது.

அப்படியானால் பழைய விளையாட்டுகள் இதே எண்களை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தன என்று கேட்கலாம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் விதிகளில் இனத்துக்கென்று திறன் போனஸே கிடையாது. மாறாக, நிலை உச்சவரம்பு இருந்தது. குள்ளர் இனப் போர்வீரர் ஆறாம் நிலையைத் தாண்ட முடியாது. ஹாபிட்டுகள் நான்காம் நிலையோடு நின்றுவிட வேண்டும். 1978இல் வந்த அட்வான்ஸ்ட் விதிகளில்தான் குள்ளருக்கு உடலுறுதி +1, வசீகரம் −1, எல்ஃபுகளுக்கு லாவகம் +1, உடலுறுதி −1 என்ற வழக்கம் நிலைபெற்றது. ஆனால் அந்தப் பதிப்பில் வலிமை 8 முதல் 15 வரை எதுவாக இருந்தாலும் குறிவைப்பில் மாற்றமே இல்லை. 16 வந்தால் சேதத்தில் 1 கூடும், 17 வந்தால்தான் குறிவைப்பிலும் 1 கூடும். போதாக்குறைக்குத் திறன்களைப் பகடையே தீர்மானித்தது. மூன்று பகடைகளை உருட்டினால் சராசரி 10.5, அதிலிருந்து மூன்று புள்ளி மேலும் கீழும் போவது சாதாரணம். அந்த ஏற்ற இறக்கத்தின் நடுவே இனம் தரும் ஒரு புள்ளி பெரும்பாலும் கரைந்துபோயிற்று.

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு இந்தத் தளத்தையே மாற்றியது. ஸ்கோரிலிருந்து 10ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் மாடிஃபையர் என்ற ஒரே சூத்திரம் எல்லாத் திறன்களுக்கும் வந்தது. இனப் போனஸ்களும் +2, −2 என்று இரட்டைப்படையாகி, ஒவ்வொன்றும் தவறாமல் மாடிஃபையரை ஒரு படி நகர்த்தின. பிறகு புள்ளி கொடுத்துத் திறன் வாங்கும் முறை பரவலானபோது அதிர்ஷ்டத்தின் பங்கும் ஒழிந்தது. எல்லாரும் ஒரே 27 புள்ளியோடு தொடங்கினால், இருவருக்கு இடையில் மிஞ்சும் வேறுபாடு முழுவதும் இனத்திலிருந்தே வர வேண்டும். நீங்கள் எடுத்திருப்பது மூன்றாம் பதிப்பு காலத்து எண்கள். அவற்றை அதிர்ஷ்டமே இல்லாத ஐந்தாம் பதிப்பின் நிலையான வரிசைமேல் வைத்திருக்கிறீர்கள். ஐந்தாம் பதிப்பில் எதிரிகளின் ஆர்மர் கிளாஸ் நிலையோடு மிக மெதுவாகவே ஏறுவதால், ஒவ்வொரு +1ம் முன்னைவிடக் கனமானது. இந்தக் காரணத்தால்தான் பழைய எண்கள் உங்கள் மேசையில் இப்படிக் கடிக்கின்றன.

அடுத்தது, கூட்டுத்தொகை சுழியமாக வேண்டும் என்ற எண்ணம். ஒரு கிலோ உப்பும் ஒரு கிலோ ஏலக்காயும் எடையில் சமம், விலையில் சமமல்ல. லாவகம் ஆர்மர் கிளாஸை உயர்த்துகிறது, சண்டையில் முந்திக்கொள்ள உதவுகிறது, வில்லுக்கும் இலகுவான கத்திகளுக்கும் குறிவைப்பிலும் சேதத்திலும் சேர்கிறது, நெருப்புப் பந்திலிருந்து தப்ப வைக்கிறது, பதுங்கிச் செல்லவும் அதுவே வேண்டும். வசீகரம் ஒரு கூட்டத்தில் ஒருவருக்கு இருந்தால் போதும். பேச வேண்டிய நேரத்தில் அவர் முன்னால் நிற்பார், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். ஆகவே உங்கள் வானரரின் லாவகம் +2, வசீகரம் −2 என்பது காகிதத்தில் சுழியமாக இருந்தாலும் ஆட்டத்தில் வெறும் ஆதாயம். கர்ப்ஸ் என்ற இன்னொரு பாத்திர விளையாட்டின் நான்காம் பதிப்பு 2004இலேயே இதை வெளிப்படையாக விலைப்பட்டியலில் போட்டது. அங்கே வலிமைக்கும் உடல்நலத்துக்கும் படிக்குப் 10 புள்ளி, லாவகத்துக்கும் அறிவுக்கும் 20 புள்ளி. டி அண்ட் டி மூன்றாம் பதிப்பில் அரை-ஓர்க் என்ற முரட்டு இனத்துக்கு வலிமை +2 கொடுத்து, அறிவிலும் வசீகரத்திலும் தலா 2 குறைத்ததும் இதே சிந்தனையின் விளைவுதான். வாளெடுப்பவர் எவரும் அந்த இரண்டையும் கணக்கில் எடுப்பதில்லை என்பதை மட்டும் அந்தக் கணக்கு மறந்துவிட்டது. தான் பயன்படுத்தாத திறனில் போடப்படும் குறைப்பு யாரையும் தடுக்காது. பயன்படுத்தும் திறனில் போடப்படும் குறைப்பு ஆளையே விரட்டிவிடும். இரண்டுமே நீங்கள் விரும்பிய சமநிலை அல்ல.

புள்ளிகளை எண்ணிப் பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. 2014 விதிகளில் மனிதருக்கு ஆறு திறனிலும் தலா +1, மொத்தம் ஆறு புள்ளி. அரை-எல்ஃபுக்கு வசீகரம் +2, பிறகு விரும்பிய இரண்டில் தலா +1, மொத்தம் நான்கு. அதே நிலையான வரிசையில் மனிதரைப் போட்டுப் பாருங்கள்: 16, 15, 14, 13, 11, 9. மாடிஃபையர்களைக் கூட்டினால் 7. போனஸ் இல்லாத வரிசைக்கு 5. ஆறு புள்ளிக்குக் கிடைத்தது இரண்டே படி. அரை-எல்ஃப் 14ஐ வசீகரத்தில் வைத்து 16 ஆக்கி, 15ஐ 16ஆகவும் 13ஐ 14ஆகவும் உயர்த்தினால் கூட்டுத்தொகை 8. நான்கு புள்ளிக்கு மூன்று படி. ஒற்றைப்படை எண்ணில் விழும் +1 பலன் தரும், இரட்டைப்படையில் விழும் +1 சும்மா கிடக்கும். எனவே ஓர் இனத்தின் பெறுமதியைப் போனஸ் புள்ளிகளால் அளக்காமல், முடிவில் நிற்கும் மாடிஃபையரால் அளக்க வேண்டும்.

சரி, போனஸைக் கட்டிப்போடாமல் ஆடுபவர் விரும்பும் திறனில் வைத்துக்கொள்ள விட்டுவிட்டால் தீர்ந்ததா? 2020 நவம்பரில் டாஷா என்ற கற்பனை மந்திரக்காரியின் பெயரில் வெளிவந்த டி அண்ட் டி துணைநூல் அந்த வழியைத்தான் திறந்துவிட்டது. 2024ஆம் ஆண்டின் புதிய விதிநூலான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் இன்னும் ஒரு படி மேலே போய், போனஸை இனத்திடமிருந்தே பிரித்துப் பாத்திரத்தின் முன்வாழ்க்கைப் பின்னணிக்கு மாற்றியது. திசை சரி என்பதே என் கருத்து. ஆனால் டாஷா வழியில் ஒரு பாடம் இருக்கிறது. மலைக் குள்ளருக்கு 2014 விதியில் வலிமை +2, உடலுறுதி +2 என்று மற்ற எந்த இனத்துக்கும் இல்லாத இரண்டு பெரிய போனஸ்கள் இருந்தன. அத்தோடு நடுத்தரக் கவசம் அணியும் பயிற்சியும் உண்டு. அதிகம்போல் தெரிந்தாலும் அது அடங்கியே இருந்தது. வலிமையை விரும்பும் போர்வீரனுக்குக் கவசப் பயிற்சி வகுப்பிலேயே கிடைத்துவிடும், கவசத்தை விரும்பும் விசார்டுக்கு வலிமை உதவாது. போனஸை நகர்த்த அனுமதித்ததும் அந்தப் பூட்டு கழன்றது. அறிவு +2, உடலுறுதி +2, மேலே கவசம் என்று மலைக் குள்ள விசார்ட் எல்லாரையும் தாண்டிப் போனான். போனஸ் விழும் திறனும் இனத்தின் மற்றத் தன்மைகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். ஒன்றை அவிழ்ப்பவர் மற்றதையும் பார்த்தாக வேண்டும்.

உங்கள் மேசைக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். குறைப்புகள் அனைத்தையும் எடுத்துவிடுங்கள். ஒவ்வோர் இனத்துக்கும் மாறாத +1 ஒன்றைக் கொடுங்கள்: அரக்கருக்கு வலிமை, நாகருக்கு அறிவு, வானரருக்கு லாவகம். அதற்கு மேல் ஆடுபவர் விரும்பும் வேறொரு திறனில் +2. இரண்டையும் ஒரே திறனில் அடுக்கக் கூடாது என்ற தடை மிக முக்கியம். அது இல்லையென்றால் அரக்கன் முதல் நாளே 18 வலிமையோடு வந்து பழைய கதையைத் தொடங்கிவிடுவான். நான் கோலாலம்பூரில் நடத்தும் மேசையில் இதே ஏற்பாட்டை நெடுநாளாக வைத்திருக்கிறேன். தொழிலை முதலில் யோசித்து இனத்தை அதற்கேற்பப் பொறுக்கும் பழக்கம் அங்கே வெகுவாகக் குறைந்துவிட்டது.

அதே இரண்டு போர்வீரர்களை இந்த விதியில் வைத்துப் பாருங்கள். அரக்கன் 15ஐ வலிமைக்கு வைத்து 16 ஆக்குகிறான், 14ஐ உடலுறுதிக்கு வைத்து +2ஆல் 16 ஆக்குகிறான். நாகன் 14ஐ வலிமைக்கு வைத்து +2ஆல் 16 ஆக்குகிறான், 15ஐ உடலுறுதியில் விடுகிறான், 13ஐ அறிவுக்கு வைத்து 14 ஆக்குகிறான். வலிமை இருவருக்கும் +3. காப்ளினைச் சாய்க்கும் வாய்ப்பு இருவருக்கும் ஒன்றே. மாடிஃபையர்களின் கூட்டுத்தொகையும் இருவருக்கும் 7. வேறுபாடு மறைந்துவிடவில்லை. அரக்கனுக்கு ஒவ்வொரு நிலையிலும் ஓர் உயிர்ப்புள்ளி கூடுதல். கோயில் கல்வெட்டு ஒன்றைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டிய இடத்தில் நாகன் முன்னே வருவான். மறுபக்கம், அரக்க விசார்டும் 14ஐ 16 ஆக்கிக்கொண்டு, தன் மந்திரத்திலிருந்து தப்ப எதிரிகள் பகடையில் எட்ட வேண்டிய எண்ணை 13இல் வைத்திருப்பான். உங்கள் இப்போதைய விதியில் அது 11ஆக இருந்திருக்கும். மனிதருக்கு மாறாத +1க்குப் பதில் அதையும் விரும்பிய இடத்தில் வைக்கும் உரிமையையும், கூடுதலாக ஒரு திறமைப் பயிற்சியையும் கொடுங்கள். முதல் நிலையிலேயே ஃபீட் எனும் சிறப்புத் திறமை ஒன்றைக் கொடுக்கும் மாற்று மனித விதியைத் தவிர்த்துவிடுங்கள்; நாற்காலி மாறி அடுத்து எல்லாரும் மனிதராக வந்து அமர்வார்கள்.

எண்கள் இப்படிச் சுருங்கியபின் இனம் என்பது வெறும் தோற்றமாகிவிடாதா என்ற அச்சம் நியாயமானது. அந்த இடத்தைத் தன்மைகளால் நிரப்ப வேண்டும். அதில்தான் உங்கள் உழைப்பின் பெரும்பகுதி போக வேண்டும் என்பேன். எண்ணைக் கூட்டும் தன்மையைவிட வழியொன்றைத் திறக்கும் தன்மை எப்போதும் மேல். அரக்கரின் பேருருவைக் காட்ட வலிமையை ஏற்றத் தேவையில்லை. டி அண்ட் டியின் கோலியத் எனும் பேருருவ இனத்துக்கு உள்ளதுபோல், சுமப்பதிலும் இழுப்பதிலும் தள்ளுவதிலும் ஓர் உருவளவு பெரியவராகக் கணக்கிடுங்கள். மணலில் சிக்கிய மரக்கலத்தைத் தனியொருவனாகத் தள்ளிவிடும் அரக்க விசார்டை உங்கள் மேசை மறக்காது. குறிவைப்பில் அதனால் ஒரு புள்ளியும் கூடாது. நாகர் நீருக்குள் மூச்சுவிடலாம், நஞ்சு அவர்களைப் பாதியே தீண்டும். வானரர் ஏறும் வேகம் நடக்கும் வேகத்துக்குச் சமம்.

இவற்றின் விலை உங்கள் கதைக்களத்தைப் பொறுத்தது. மெர்போக் ஆற்று முகத்துவாரத்தின் அலையாத்திக் காடுகளும், கப்பலோட்டிகளுக்கு அடையாளமாக நின்ற ஜெராய் மலையும், பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில்களும் உங்கள் களம் என்றால், நீரில் மூச்சுவிடுவதும் மலையேறுவதும் வாரம் தவறாமல் பயன்படும். கதை உள்நாட்டு நகரொன்றுக்குள் நகர்ந்துவிட்டால் நாகரின் தன்மை வாடகை வீட்டுப் பரணில் ஏறிவிடும். அப்போது கால்வாயோ கிணறோ ஒன்றைக் கதையில் வைப்பது ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டரின் பொறுப்பு. பறக்கும் தன்மையை மட்டும் முதல் நிலையில் எவருக்கும் தராதீர்கள். வில் இல்லாத எதிரி, மதில், பள்ளம், பாலம் என்று நீங்கள் யோசித்து வைத்த தடைகளில் பாதி ஒரே நொடியில் பொருளிழந்துபோகும். பறக்கும் யட்சரைச் சேர்க்கும் எண்ணமிருந்தால் இதை முன்கூட்டியே நினைவில் வையுங்கள்.

குறைப்புகளை எடுக்கச் சொன்னதற்குக் கணக்கைத் தாண்டிய காரணமும் உண்டு. வானரருக்கு வசீகரம் −2 என்று எழுதியிருக்கிறீர்கள். அனுமனைச் சொல்லின் செல்வன் என்று அழைத்துப் பழகிய நமக்கு அது ஒட்டவே இல்லை. அரக்கருக்கு அறிவு −2 என்பதும் அப்படியே. இராவணன் வேதம் கற்றவன், வீணை மீட்டியவன், சாமகானத்தால் கயிலையானை மகிழ்வித்தவன் என்றே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அயல்நாட்டு ஓர்க்கின் எண்ணை அப்படியே எடுத்து அரக்கர்மேல் ஒட்டினால் நம் கதையின் அரக்கர் காணாமற்போகிறார். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இம்மேசைகளில் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் சேர்ந்தே அமர்கிறார்கள். பள்ளியில் தொடங்கி எத்தனையோ படிவங்களில் இனம் என்ற கட்டத்தை நிரப்பி வளர்ந்தவர்கள் நாம். ஓர் இனத்தின் பெயருக்கு நேரே பிறவியிலேயே அறிவு குறைவு என்று அச்சிட்டு நீட்டும்போது, அது கற்பனை இனமே ஆனாலும் அதைப் படிப்பவர் மனத்தில் வேறொன்றும் சேர்ந்தே ஒலிக்கும். 2016இல் வெளியான வோலோவின் வழிகாட்டி என்ற டி அண்ட் டி துணைநூல் ஓர்க்குக்கு அறிவு −2 என்று வைத்திருந்ததை, வெளியீட்டாளர்களே 2020இல் திருத்தி நீக்கினார்கள். அவர்கள் எடுத்துவிட்டதை நாம் மறுபடி சுமக்க வேண்டியதில்லை.

குறைப்பே இல்லாவிட்டால் சுவையில்லை என்று உங்கள் நண்பர்கள் வாதாடினால், 2019இல் வந்த, இதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பைக் காட்டுங்கள். அங்கே பல இனங்களுக்கு ஒரு குறைப்பு உண்டு. ஆனால் ஏற்றங்கள் இனம், பின்னணி, வகுப்பு, இறுதியில் ஆடுபவரின் சொந்த விருப்பம் என்று நான்கு வாயில்களில் வருவதால், குறைப்பு விழுந்த திறனையே தொழிலாகக் கொண்டவரும் 16 வரை எட்டலாம்; மற்றவர் 18இல் நிற்பார்கள். இழப்பு ஒரே ஒரு படி, அதையும் தெரிந்தே ஏற்கிறார். குறைப்பை வைப்பதானால் அந்த அளவோடு நிறுத்துங்கள். உங்கள் வரிசையில் அதற்குப் பொருள், −1க்கு மேல் எதுவும் கூடாது, அதையும் ஆடுபவரே விரும்பி எடுத்துக்கொண்டால் மட்டும்.

நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றுவதற்குத் தயங்க வேண்டாம். அடுத்த முறை கூடும்போது முதல் அரை மணி நேரத்தை ஒதுக்கி, எல்லாருடைய பாத்திரத் தாள்களையும் புதிய விதியில் எழுதச் சொல்லுங்கள். எவருடைய முதன்மைத் திறனும் 16க்குக் கீழே இறங்கவில்லை என்பதை மட்டும் நீங்கள் சரிபாருங்கள். அரக்கப் போர்வீரர்கள் 17இலிருந்து 16க்கு வருவார்கள், அவர்களின் மாடிஃபையர் மாறாது, உடலுறுதியில் கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே முணுமுணுப்பு இருக்காது. நாகப் போர்வீரனை ஆடியவரிடம் முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, அவர் பழைய பாத்திரத்தோடு திரும்பி வர விரும்புகிறாரா, புதிதாகத் தொடங்க விரும்புகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று சந்திப்புகளுக்குப் பிறகு, யார் எந்தத் தன்மையை எத்தனை முறை பயன்படுத்தினார்கள் என்று குறித்துவையுங்கள். எவருடைய தன்மை ஒருமுறையும் பயன்படவில்லையோ அவருடைய இனத்தில்தான் அடுத்த திருத்தம் வேண்டும்.